மரத்தளத்துக்குள் குழாய் கொண்டுபோவது எப்படி: ஒரு லண்டன் வீட்டு அனுபவம்

குளியலறையை மாடியில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தபோது, நாங்கள் கடை கடையாக ஏறிப் பார்த்ததெல்லாம் கண்ணில் படும் பொருள்கள்: ஓடுகள், தொட்டி, குழாய்முனை, கண்ணாடி. நேரத்தில் பெரும்பகுதி போனதோ யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில். மாடித் தரைப்பலகைக்கும் கீழறையின் உட்கூரைக்கும் நடுவே இருக்கும் ஏழு அங்குல இடைவெளி அது.

எங்களுடையது லண்டன் புறநகரில், இரண்டு உலகப்போர்களுக்கு இடையில் கட்டப்பட்ட வீடு. ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு இரண்டிரண்டாக ஒட்டி நிற்கும் வகை. ஹாரோ, வெம்பிளி, இல்ஃபோர்ட் பக்கம் நம்மவர்கள் வாங்கும் வீடுகளில் பல இப்படித்தான். சுவர் செங்கல், மாடித்தளம் மரம். ஜாயிஸ்ட் என்று இங்கே சொல்லப்படும் மர உத்திரங்கள் சுவருக்குச் சுவர் வரிசையாகக் கிடக்கும். அவற்றின்மேல் பலகை அறைந்திருப்பார்கள். அடியில் உட்கூரையை மாட்டியிருப்பார்கள். தமிழ்நாட்டு அடுக்குமாடிகளில் குளியலறைத் தளத்தைத் தாழ்த்தி வார்த்து, குழாய்களை அந்தப் பள்ளத்தில் கிடத்தி நிரப்பிவிடுவார்கள். இங்கே அந்த வசதி கிடையாது. குழாய் உத்திரத்துக்கு இணையாக ஓட வேண்டும்; இல்லையென்றால் அதைக் குறுக்கே கடக்க வேண்டும். கடப்பதென்றால் மேல்விளிம்பில் காடி, அதாவது குழாய் உட்காரும் பள்ளம், வெட்ட வேண்டும், அல்லது மரத்தின் நடுவே துளை போட வேண்டும். வேறு வழி இல்லை.

எங்கள் உத்திரங்கள் 175 மி.மீ. உயரம், 50 மி.மீ. தடிமன், ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 400 மி.மீ.; சுவருக்குச் சுவர் 3.6 மீட்டர். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுவதும் இவற்றைச் சுற்றித்தான்.

பலகையைத் திறந்ததும் உள்ளே தெரிந்தது பழைய கைவேலை. வீடு கட்டிப் பல ஆண்டுகள் கழித்து யாரோ நடுவண் வெப்பமூட்டும் அமைப்பைப் பொருத்தியிருக்கிறார்கள். நீரைச் சூடாக்கும் பாய்லரிலிருந்து, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குப் போகும் செம்புக் குழாய்கள் மூன்று, அறையின் நட்டநடுவே, உத்திரங்களுக்குக் குறுக்காக ஓடின. ஒவ்வோர் உத்திரத்திலும் கையகலக் காடி. ஆழம் 50 மி.மீ. சிலவற்றில் காடியின் அடிமூலையிலிருந்து மர இழை வழியாக விரிசல் நீண்டிருந்தது. அந்த அறையில் குழந்தைகள் குதித்தால் கீழறை விளக்கு ஏன் ஆடுகிறது, உட்கூரையில் ஏன் கோடு கோடாக விரிசல் வருகிறது என்பதற்கெல்லாம் பதில் அங்கே கிடைத்தது. பல ஆண்டுகளாக அந்த விரிசல்களுக்குப் பட்டி பார்த்து வண்ணம் பூசியிருந்தோம்.

எங்களுக்கு வேலை செய்த பிளம்பர் யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனில் தலை நரைத்தவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பிளம்பர் வேலை இல்லை, கோடரிக்காரன் வேலை" என்றார். பிறகு பலகையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே, எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது என்று பென்சிலால் சுவரில் வரைந்து காட்டினார். அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் அனுபவத்தால் சொன்னதும் கணிதம் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன.

இரு முனையும் சுவரில் ஊன்றிய ஒரு மரத்தின்மேல் பாரம் ஏறும்போது அது கீழ்நோக்கி வளைகிறது. வளையும்போது மேல்விளிம்பு நெருக்கப்படுகிறது, அடிவிளிம்பு இழுபடுகிறது. இரண்டுக்கும் நடுவில், மரத்தின் பாதி உயரத்தில், நெருக்கமும் இல்லாத இழுப்பும் இல்லாத ஒரு கோடு இருக்கிறது. வளைவைத் தாங்கும் பலத்தில் பெரும்பகுதி மேல், கீழ் விளிம்புகளில்தான் இருக்கிறது. நடுக்கோட்டை ஒட்டிய மரம் அந்த இரண்டையும் பிரித்து நிறுத்தும் வேலையைத்தான் பெரும்பாலும் செய்கிறது.

இதன் விளைவு எண்களில் வரும்போது திகைப்பாக இருக்கிறது. வளைவைத் தாங்கும் பலம் உயரத்தின் வர்க்கத்தோடு போகிறது. 175 மி.மீ. மரத்தில் 50 மி.மீ. காடி வெட்டினால் மிஞ்சுவது 125. உயரத்தில் போனது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான். ஆனால் அந்த இடத்துப் பலத்தில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, உயரத்தின் மும்மடியோடு போகும் என்பதால், அந்த வெட்டுமுகத்தின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம்தான் மிச்சம். அதே மரத்தில் நடுக்கோட்டில் 43 மி.மீ. துளை போட்டால் என்ன ஆகும்? விறைப்பில் நூற்றுக்கு ஒன்றரை குறையும், அவ்வளவே. ஏறத்தாழ ஒரே அளவு மரத்தைத்தான் எடுக்கிறோம். எந்த உயரத்தில் எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரிட்டனில் பழக்கத்தில் இருக்கும் விதி இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். காடி: மேல்விளிம்பில் மட்டும், ஆழம் உத்திர உயரத்தில் எட்டில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது, முனையிலிருந்து நீளத்தின் 0.07 பங்குக்கும் 0.25 பங்குக்கும் இடையில் மட்டுமே வெட்டலாம். துளை: நடுக்கோட்டில் மட்டும், விட்டம் உயரத்தில் நாலில் ஒன்றுக்கு மேல் கூடாது, முனையிலிருந்து 0.25 பங்குக்கும் 0.4 பங்குக்கும் இடையில். இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே குறைந்தது மூன்று விட்டம் இருக்க வேண்டும். துளைக்கும் காடிக்கும் இடையே குறைந்தது 100 மி.மீ. வேண்டும். 250 மி.மீ.க்கு மேற்பட்ட உயரமுள்ள உத்திரத்தில் இந்தச் சுலப விதி செல்லாது. பொறியாளரிடம் போக வேண்டும்.

எங்கள் வீட்டு எண்களைப் போட்டால்: காடி 21 மி.மீ. ஆழம் வரை, சுவரிலிருந்து 252 மி.மீ. முதல் 900 மி.மீ. வரை. துளை 43 மி.மீ. விட்டம் வரை, சுவரிலிருந்து 900 முதல் 1440 மி.மீ. வரை. எதிர்ச்சுவரிலிருந்தும் அதே அளவு. அறையின் நடுவில் 720 மி.மீ. அகலப் பட்டை ஒன்று மிஞ்சுகிறது. அதில் ஒன்றுமே செய்யக் கூடாது. முந்தைய ஆள் மூன்று குழாய்களையும் கொண்டுபோனது சரியாக அந்தப் பட்டைக்குள்.

இந்த எல்லைகள் யாரோ மேசையில் உட்கார்ந்து உத்தேசமாகப் போட்டவை என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. பாரம் தளம் முழுவதும் சீராகப் பரவியிருந்தால் வளைவு விசை அறையின் நடுவில்தான் உச்சம். சுவரிலிருந்து நீளத்தின் கால் பங்குத் தூரத்தில் அது உச்சத்தின் முக்கால் பங்கு. எட்டில் ஒரு பங்கு ஆழத்துக்குக் காடி வெட்டிய மரத்தில் மிஞ்சும் பலம் நூற்றுக்கு 76க்குச் சற்று மேல். முக்கால் பங்கு விசையை முக்காலுக்குச் சற்று மேற்பட்ட பலம் தாங்குகிறது. அதனால்தான் கால் தூரத்தோடு கோடு கிழித்துவிடுகிறார்கள். துளைக்குக் கதை வேறு. நடுக்கோட்டு மரத்தின் முக்கிய வேலை வெட்டுவிசையை, அதாவது மரத்தை மேலும் கீழுமாக நறுக்கப் பார்க்கும் விசையை, தாங்குவது. அந்த விசை சுவரருகே உச்சம், நடுவே பூஜ்யம். ஆகவே துளை சுவரை விட்டுக் கால் தூரம் தள்ளி ஆரம்பிக்கிறது. காரணம் புரிந்துவிட்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

இனி, விதிக்கும் குழாய்க்கும் நடக்கும் மோதல். எட்டில் ஒன்று என்றால் 21 மி.மீ. ஆழம். ரேடியேட்டருக்குப் போகும் சின்னக் குழாய் 15 மி.மீ.; அது காடியில் சுகமாக உட்காரும். பாய்லரிலிருந்து வரும் பிரதான குழாய் 22 மி.மீ.; அடியில் மெத்தென்று ஒரு துணிப்பட்டை, மேலே பலகை தொடாமல் ஓர் இடைவெளி வைத்தால் 25 மி.மீ. ஆழம் வேண்டும். அதாவது 175 மி.மீ. உத்திரத்தில் 22 மி.மீ. குழாய்க்கு விதிப்படியான காடி என்று ஒன்று கிடையவே கிடையாது. லண்டன் முழுவதும் இந்தக் காடியைத்தான் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். துளை போடலாமே என்றால், செம்புக் குழாய் எளிதில் வளையாது. 350 மி.மீ. இடைவெளிக்குள் நீளமான செம்புக் குழாயைத் துளைக்குள் நுழைக்க முடியாது. துண்டு துண்டாக வெட்டி ஒவ்வோர் இடைவெளியிலும் ஓர் இணைப்பு வைக்க வேண்டும். பலகைக்கு அடியில் அத்தனை இணைப்பு வைப்பவர் பிற்காலத்தில் ஒவ்வொரு முறை கூரையை அண்ணாந்து பார்க்கும்போதும் கவலைப்படத்தான் வேண்டும். பிளம்பர்கள் காடியை விரும்புவதற்குச் சோம்பல் மட்டும் காரணம் அல்ல, செம்பின் குணமும் காரணம்.

எங்கள் தீர்வு இரண்டு பகுதியாக அமைந்தது. பிரதான 22 மி.மீ. குழாய்கள் உத்திரங்களுக்கு இணையாக, இரண்டு உத்திரங்களுக்கு நடுவில் ஓடின. ஒரு மரத்தையும் தொடவில்லை. அதற்காக அவற்றைக் கீழறை அலமாரி மூலை வழியாக ஏற்றினோம். சில மீட்டர் செம்பு கூடுதலாகச் செலவாயிற்று. குறுக்கே கடக்க வேண்டிய இடங்களில் 15 மி.மீ. பிளாஸ்டிக் குழாய். சுருளாக வரும், வளையும், நடுக்கோட்டுத் துளைகள் வழியாகக் கயிறு கோப்பதுபோல் இழுத்துவிடலாம். ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் ஒரே துண்டு. தளத்துக்குள் இணைப்பே இல்லை. அண்ணனுக்குப் பிளாஸ்டிக் பிடிக்காது. "எலி கடிக்கும்" என்றார். எலி கடிப்பது உண்மைதான். இந்த ஊர்ப் பழைய வீடுகளில் எலிக்குப் பஞ்சம் இல்லை. காற்றுத்துளைகளுக்கு வலை அடித்து, சுவர் ஓட்டைகளை அடைத்த பிறகுதான் சம்மதித்தார். பாய்லரை ஒட்டிய முதல் ஒரு மீட்டரைச் செம்பாகவே விட்டார். அங்கே சூடு அதிகம். பிளாஸ்டிக் குழாயின் வெட்டிய முனைக்குள் வலுவூட்டும் சிறு உள்வளையத்தைச் செருகாமல் இணைப்பில் தள்ளக் கூடாது என்பதை என்னிடம் பல தடவை சொன்னார்.

குடிநீரும் வெந்நீரும் இப்படி முடிந்துவிட்டன. கழிவுநீர்க் குழாய் அப்படி முடியாது. குளியல்தொட்டியிலிருந்து வரும் 40 மி.மீ. குழாயின் வெளிவிட்டம் ஏறக்குறைய 43 மி.மீ.; எங்கள் உத்திரத்தில் போடக்கூடிய மிகப் பெரிய துளையும் அதேதான், நுழைக்க ஓர் இழை இடம் கூட இல்லை. இடம் இருந்தாலும் உதவாது. கழிவுநீர் ஓட மீட்டருக்குக் குறைந்தது 18 மி.மீ. சரிவு வேண்டும். சரிந்து போகும் குழாய் ஒவ்வோர் உத்திரத்தையும் ஒவ்வொரு உயரத்தில் கடக்கும். நடுக்கோட்டில் ஆரம்பித்தால் விளிம்பை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். மலக்குழாய் 110 மி.மீ.; அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆகவே வரைபடத்தை அங்கிருந்து தொடங்குங்கள் என்பேன். முதலில் உத்திரம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். பலகையைப் பெயர்க்க வேண்டியதில்லை, பலகையில் ஆணித்தலைகள் வரிசையாக நிற்கும் கோடுதான் உத்திரத்தின் கோடு. பிறகு கழிவறைக் கோப்பையையும் குளியல்தொட்டியையும் கழிவுக்குழாய் உத்திரத்துக்கு இணையாக வெளிச்சுவருக்குப் போகும்படி வையுங்கள். அதன் பிறகு முகம் கழுவும் தொட்டி. ரேடியேட்டர் கடைசி, அது எங்கே வேண்டுமானாலும் போகும். எங்கள் வீட்டில் நான் முதலில் வரைந்த அழகான அமைப்பு இந்த வரிசையில் அடிபட்டுப் போயிற்று. தூறல்குழாய்த் (ஷவர்) தட்டைத் தரைமட்டத்தில் வைக்க வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டாள். அதற்கு உத்திரத்தைக் கிட்டத்தட்ட அறுத்துப்போட வேண்டும். தட்டைக் கால் வைத்து உயர்த்தி, கழிவுக்குழாயைத் தட்டுக்கும் பலகைக்கும் நடுவே மேலேயே ஓட்டிவிட்டோம். "குளிக்கப் படியேற வேண்டுமா?" என்று கேட்டாள். ஏறத்தான் வேண்டும். மரத்தளத்தில் படியில்லாத குளியலறை என்று விளம்பரம் செய்பவர்களிடம், உத்திரத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பாரத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இங்கே வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். 1.7 மீட்டருக்கு 0.7 மீட்டர் தொட்டியின் பரப்பு 1.2 சதுர மீட்டர்கூட இல்லை. அதில் தண்ணீரும் ஆளும் தொட்டியுமாக 250 கிலோ எளிதில் ஏறும். அக்கம்பக்கத்துத் தளம் காலியாக இருப்பதால் ஆரோக்கியமான உத்திரம் இதைத் தாங்கிக்கொள்கிறது. நடுவில் பாதிப் பலம் போன உத்திரத்தின்மேல் தொட்டியை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

துளை போடும் வேலை நுணுக்கமானது. உத்திரங்களுக்கு இடையே இருக்கும் 350 மி.மீ.க்குள் சாதாரண டிரில்லும் அதன் முனையும் சேர்ந்து நேராக நிற்காது. சாய்த்துப் பிடித்துப் போடுவார்கள். துளையும் சாய்ந்து, நீள்வட்டமாகி, ஒரு பக்கம் நடுக்கோட்டிலும் மறுபக்கம் விளிம்பருகிலும் வரும். செங்கோணத் தலையுள்ள டிரில்லை நாள்வாடகைக்கு எடுத்துவிடுங்கள். முனையில் திருகு வைத்த குட்டை முறுக்கு அலகு மரத்தைத் தானே இழுத்துக்கொண்டு போகும், தள்ள வேண்டியதில்லை. ஆனால் பழைய ஆணியில் மாட்டினால் அலகு நின்றுவிடும், டிரில் சுழலும், மணிக்கட்டு போகும். டிரில்லின் உடலை உத்திரத்தில் சாய்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டால் அந்தச் சுழற்சியை மரம் வாங்கிக்கொள்ளும்.

துளைகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்க, சுவருக்குச் சுவர் நூல் கட்டி ஒவ்வோர் உத்திரத்தின் தலையிலும் குறித்தோம். உயரத்துக்கு, ஒட்டுப்பலகைத் துண்டில் ஓர் அச்சு வெட்டினேன்: உத்திரத்தின் மேல்விளிம்பில் மாட்டினால் அதிலிருக்கும் துளை 87 மி.மீ. கீழே நிற்கும். பழைய மரங்கள் எல்லாம் ஒரே உயரம் இல்லை, ஐந்தாறு மி.மீ. கூடக் குறைய இருக்கும். மேலிருந்து அளப்பதே சரி, அடியில் உட்கூரை இருப்பதால் அங்கிருந்து அளக்க முடியாது. 15 மி.மீ. குழாய்க்கு 20 மி.மீ. துளை போட்டோம். மின்கம்பிகளுக்கும் துளை தனியாக. உத்திரத்தின் மேல், கீழ் விளிம்புகளிலிருந்து 50 மி.மீ.க்குக் குறையாமல் கம்பி இருக்க வேண்டும் என்பது இங்குள்ள மின்வேலை விதி. ஆணி எட்டாத ஆழம் அது.

சில இடங்களில் காடி தவிர்க்க முடியாததாக இருந்தது. சுவரோரமாக 15 மி.மீ. செம்பு போக வேண்டிய பகுதி அது. அங்கே அண்ணனின் முறையைப் பார்த்துக்கொண்டேன். அவர் ரம்பத்தை முதலில் எடுக்கவில்லை. காடியின் அடி எங்கே வர வேண்டுமோ அங்கே பக்கவாட்டில் ஒரு துளை போட்டார். பிறகு மேலிருந்து அந்தத் துளை வரை இரண்டு வெட்டு. துண்டு தானாக விழுந்தது. அடி வளைவாக இருக்கிறது, மூலையே இல்லை. சதுர மூலைதான் விரிசலின் பிறப்பிடம். பழைய காடிகளில் நாங்கள் பார்த்த விரிசல்கள் எல்லாம் மூலையிலிருந்துதான் புறப்பட்டிருந்தன. ரம்பத்தால் இரண்டு கோடு அறுத்து உளியால் அடித்துப் பெயர்க்கும் வழக்கத்தில் இன்னொரு கேடும் உண்டு. பழைய வீடுகளின் உட்கூரை மெல்லிய மரச்சட்டங்களில் பூசிய சுண்ணாம்புக் காரை. மேலே சுத்தியல் விழ விழ, கீழே காரை பிடிப்பை விட்டுவிடும்.

காடியில் குழாய் இறுக்கமாக உட்காரக் கூடாது. ஐந்து மீட்டர் செம்புக் குழாய் 50 பாகை சூடேறினால் சுமார் நான்கு மி.மீ. நீள்கிறது. நகர இடமில்லாவிட்டால் மரத்தில் உரசி, குளிர்கால விடியலில் பாய்லர் எரியத் தொடங்கும் நேரம் பார்த்து டிக் டிக்கென்று சத்தம் போடும். காடியைச் சற்று அகலமாக வெட்டி, அடியில் கம்பளித் துணிப்பட்டை வைத்தோம். மேலே ஒரு எஃகுத் தகடு. இந்தத் தகட்டைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு: வெட்டிய இடத்துக்கு அது பலம் தருகிறது என்று. தராது. பின்னாளில் யாராவது கம்பளம் விரிக்க ஆணி அடித்தால் அது குழாயில் இறங்காமல் தடுக்கும் கவசம் அது. காடியில் மரத்துண்டைத் திணித்துப் பசை போட்டுவிட்டால் பழைய பலம் திரும்பிவிடும் என்று நம்புவதும் அதே ரகம். அடிவிளிம்பில் காடி வெட்டுவதைப் பற்றி எழுதவே தேவையில்லை என்றிருந்தேன். ஒரு நண்பர் வீட்டில் விளக்குப் பொருத்த அப்படி வெட்டியிருந்ததைப் பார்த்த பிறகு எழுதுகிறேன்: இழுபடும் விளிம்பு அது, இழை அறுந்தால் கிழிந்துகொண்டே போகும். எந்த நாட்டு விதியின் பெயராலும், நடுப்பகுதியில் அதைத் தொடாதீர்கள்.

பழைய வெட்டுகளைச் சரிசெய்வதைப் பொறியாளரைக் கேட்காமல் செய்யவில்லை. கீழறையில் முட்டுக்கம்பங்களை வைத்து, உட்கூரை நசுங்காமல் பலகை கொடுத்து, தொய்ந்த உத்திரங்களை மெல்ல மெல்லத் தூக்கினோம். ஒரே மூச்சில் தூக்கினால் உட்கூரை உடையும். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே உயரமுள்ள புது மரத்தைச் சேர்த்து, பழையதோடு மரையாணி போட்டு முறுக்கினோம். இரண்டு மரங்களுக்கும் நடுவே பல் வைத்த எஃகு வளையம். முறுக்க முறுக்க இரு பக்கமும் கடித்துக்கொள்ளும். புது மரம் எவ்வளவு நீளம், எத்தனை மரையாணி, எங்கெங்கே என்பதெல்லாம் பொறியாளர் எழுதிக் கொடுத்தது. வேலை மூடப்படுவதற்கு முன் உள்ளாட்சி மன்றக் கட்டட ஆய்வாளர் வந்து பார்த்தார். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் அவர் தரும் சான்றுத் தாளைத்தான் கேட்பார். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எல்லா உத்திரமும் சமம் இல்லை என்பதையும் அப்போது கற்றுக்கொண்டேன். மாடிப்படிக்கான திறப்பைச் சுற்றியும், படுக்கையறைக் கணப்படுப்பின் முன்னே இருக்கும் கல்தளத்தைச் சுற்றியும் ஓடும் உத்திரங்கள் மற்றவற்றைத் தாங்கி நிற்பவை. அறுபட்ட குட்டை உத்திரங்களின் பாரம் அவற்றில்தான் இறங்குகிறது. கணப்படுப்பை அடைத்துப் பல காலம் ஆனாலும் அந்த உத்திரங்களின் வேலை தீரவில்லை. அவற்றில் துளையும் வேண்டாம், காடியும் வேண்டாம். அறையின் நடுவே உத்திரங்களுக்கு இடையில் பெருக்கல் குறிபோல் அறைந்திருக்கும் சின்னச் சட்டங்களையும் குழாய்க்கு வழிவிடப் பிடுங்கிப் போடாதீர்கள். உத்திரங்கள் பக்கவாட்டில் புரளாமல் பிடித்திருப்பவை அவை. காஸ் குழாயை அதற்கென்று பதிவுபெற்றவர் மட்டுமே தொடலாம், அது சட்டம்.

குழாயெல்லாம் ஓட்டியானதும் உடனே பலகையை மூடவில்லை. அழுத்தம் ஏற்றி, ஓர் இரவு முழுக்க அப்படியே விட்டு, காலையில் அளவுமானி இறங்காமல் இருக்கிறதா என்று பார்த்தோம். மூடும் முன் ஒவ்வோர் இடைவெளியையும் அளவுநாடா தெரியும்படி படம் எடுத்தேன். பலகைகளை ஆணியால் அறையாமல் திருகாணியால் பொருத்தினேன். அடியில் குழாய் இருக்கும் பலகைகளின் மேற்பரப்பில் குழாயின் கோட்டை மையால் வரைந்து "வெந்நீர்", "தண்ணீர்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அடுத்து திறக்கப்போகிறவர் தமிழராக இருப்பார் என்று சொல்ல முடியாது.

இதே வேலையைக் கனடாவில் செய்யப்போகிறவர்கள் மேலே சொன்ன பங்குகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டொராண்டோவில் இருக்கும் மைத்துனருக்காகத் தேடியபோது வேறுபாடுகள் தெரிந்தன. அங்கே துளையின் விட்டம் நம்மைப்போல் நாலில் ஒன்றுதான். ஆனால் மேலிருந்தும் கீழிருந்தும் 50 மி.மீ. மரம் மிஞ்ச வேண்டும் என்று சொல்கிறார்கள். காடியை ஊன்றுமுனைக்கு மிக அருகில், உத்திர உயரத்தில் பாதித் தூரத்துக்குள் மட்டும் அனுமதிக்கிறார்கள்; அங்கே மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை போகலாம். அமெரிக்கக் குடியிருப்பு விதித்தொகுப்பில் துளை மூன்றில் ஒரு பங்கு வரை. காடி ஆறில் ஒரு பங்கு, அதுவும் நடு மூன்றிலொரு பகுதியில் கூடவே கூடாது. எண்கள் வேறு, அடியில் இருக்கும் கணக்கு ஒன்றே. எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்; இரண்டையும் கலந்து, இரண்டிலும் தாராளமானதைப் பொறுக்கி எடுக்காதீர்கள்.

புது வீடு வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்கள் தளத்துக்குள் இருப்பது பெரும்பாலும் ஐ எழுத்து வடிவ உத்திரம்: மேலும் கீழும் கட்டையான சட்டம், நடுவில் மெல்லிய அழுத்தப்பலகை. அதன் மேல்சட்டத்திலோ கீழ்ச்சட்டத்திலோ ஓர் உளிக்கீறல்கூடப் படக் கூடாது. காடி என்ற பேச்சுக்கே இடமில்லை. நடுப்பலகையில் மட்டும் துளை போடலாம். அறையின் நடுவை நோக்கிப் போகப் போகப் பெரிய துளைக்கு அனுமதி, சுவரருகே சிறியது. எவ்வளவு என்பதற்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனித்தனி அட்டவணை வைத்திருக்கிறார்கள். உத்திரத்தின் பக்கவாட்டில் தயாரிப்பாளர் பெயரும் வகை எண்ணும் அச்சிட்டிருக்கும். அதைப் படம் எடுத்து அவர்களுக்கே அனுப்பி, உங்கள் அறையின் நீளத்துக்கான அட்டவணையைக் கேட்டு வாங்கிய பிறகு பிளம்பரை வரச் சொல்லுங்கள்.